கறியும் பாணும் பழைய புத்தகமும்

ஜப்பானைப் பற்றித் தமிழில் எழுதப்படும் கட்டுரைகள் பெரும்பாலும் இரண்டே வகையில் அடங்கிவிடுகின்றன. நொடி பிசகாமல் வந்து நிற்கும் ரயிலையும் குப்பையில்லாத தெருவையும் கண்டு நெஞ்சுருகி, அடுத்த பத்தியிலேயே நம் ஊரைத் திட்டித் தீர்ப்பவை ஒரு வகை. ஹைக்கூ, ஜென், தேநீர்ச் சடங்கு என்று மூடுபனிக்குள் இறங்கித் திரும்பி வராதவை மற்றொரு வகை. பாரதி 1916இல் சுதேசமித்திரனில் ஜப்பானியக் கவிதையைப் பற்றி எழுதினார். அன்று தொடங்கிய உறவு நூறாண்டுகளுக்குப் பிறகும் கவிதையின் வாசலிலேயே நின்றுகொண்டிருப்பதாக எனக்குத் தோன்றுவதுண்டு. அந்தக் கவிதையும் கதையும் எந்தக் கடையில் விற்றன, எவரிடமிருந்து எவர் கைக்கு மாறின, வாங்கியவர் எங்கே அமர்ந்து எதைச் சாப்பிட்டபடி படித்தார் என்பதைப் பற்றி நாம் பேசுவதே இல்லை. எழுத்து கற்பனையில் பிறக்கலாம். அதைப் பிழைக்க வைப்பது இந்த லௌகீகம்தான்.

டோக்கியோவில் சனிக்கிழமை மதியம் நான்கைந்து மணி நேரம் கையிலிருந்தால் எங்கே போகலாம் என்று கேட்பவரிடம் கோயிலையோ கோபுரத்தையோ நான் சொல்லமாட்டேன். சியோதா வட்டத்தில், மூன்று சுரங்க ரயில் தடங்கள் சந்திக்கும் ஜிம்போச்சோவுக்குப் போங்கள் என்பேன். மதிய உணவு, தின்பதற்கு ஒரு பன், பிறகு பழைய புத்தகம். 'இதில் இலக்கியம் எங்கே வருகிறது, ஊர் சுற்றல்தானே' என்று ஒரு நண்பர் கேட்டார். ஊர் சுற்றல்தான். ஆனால் ஒரு மொழியின் வாசக சமூகம் உயிரோடிருக்கிறதா என்பதை அளக்க அதன் விருதுப் பட்டியலைவிட அதன் பழைய புத்தகக் கடைத்தெரு நம்பகமான கருவி என்பது என் கட்சி.

யசுகுனி சாலை கிழக்கு மேற்காக ஓடுகிறது. பழைய புத்தகக் கடைகள் பெரும்பாலும் அதன் தென்புறத்தில், வடக்கு நோக்கி வரிசையாக அமைந்திருக்கின்றன. வெயில் நேரே உள்ளே விழுந்து நூல்களின் முதுகு வெளிறிவிடக் கூடாது என்பதே காரணம். வாஸ்து பார்த்துக் கடை வைப்பவர்களை நாம் அறிவோம். புத்தகத்தின் உடல்நலம் பார்த்துத் திசை தேர்ந்தவர்கள் இவர்கள். சுற்றுவட்டாரத்தில் இப்போதும் சுமார் 130 பழைய புத்தகக் கடைகள் உண்டு. ஜப்பானிய மொழியில் இதற்கு இரண்டு சொற்கள்: 'ஃபுருஹோன்' என்றால் ஒருவர் படித்துக் கைமாறிய பழைய புத்தகம், 'கோஷோ' என்றால் பழமையால் மதிப்பேறிய அரிய நூல். இரண்டும் ஒரே கடையில், வாசலில் ஒன்றும் உள்ளறையில் மற்றொன்றுமாக இருக்கும். வாசலில் நூறு யென் தட்டு. உள்ளே போகப் போக விலை ஏறும்; கடைசியில் கண்ணாடிக்குப் பின்னால், கேட்டால் மட்டுமே எடுத்துக் காட்டப்படுவது.

தெரு தானாக முளைத்ததன்று. 1880களில் சட்டப் பள்ளிகள் இப்பகுதியில் காலூன்றின. இன்றைய மெய்ஜி, சென்ஷூ, சூவோ பல்கலைக்கழகங்களின் வேர்கள் அவை. மாணவர் கூடும் இடத்தில் தேர்வு முடிந்ததும் விற்கப்படும் புத்தகமும், அதை அடுத்த ஆண்டு வாங்கும் மாணவனும் இருப்பார்கள். இன்று அகராதிகளுக்குப் பெயர்பெற்ற சான்செய்தோ நிறுவனம் 1881இல் ஒரு பழைய புத்தகக் கடையாகவே இங்கு பிறந்தது. 1913இல் பெருந்தீ ஒன்று கண்டா பகுதியை விழுங்கியது. அதே ஆண்டில், பெண்கள் பள்ளியொன்றில் ஆசிரியராக இருந்த இவானமி ஷிகெயோ அந்த வேலையை உதறிவிட்டு வந்து ஜிம்போச்சோவில் பழைய புத்தகக் கடை திறந்தார். (ஆசிரியத் தொழிலை விட்டுவிட்டுப் பழைய புத்தகக் கடை! என்னோடு பணிபுரிவோரில் பாதிப்பேரின் இரகசியக் கனவு இது என்பதை நானறிவேன்.)

இவானமி செய்த புதுமை சிறியது போலத் தோன்றும். பழைய புத்தகம் என்றாலே பேரம் என்றிருந்த காலத்தில், ஒவ்வொரு நூலிலும் விலையை எழுதி ஒட்டி, அந்த விலைக்கே விற்பேன் என்றார். பேரம் பேசத் தெரிந்தவனுக்கு ஒரு விலை, கூச்சப்படுகிறவனுக்கு வேறொரு விலை என்ற நிலை மாறியது. அதைவிட முக்கியமாக, எழுதி ஒட்டிய விலைக்குக் கடைக்காரன் பொறுப்பேற்க வேண்டியதாயிற்று. மறு ஆண்டே, 1914இல், நட்சுமே சோசெகியின் 'கொகொரோ' நாவல் இவானமியின் பெயரில் நூலாக வந்தது. செலவை ஏற்றவர் சோசெகியே. கடையின் பெயர்ப்பலகைக்கு எழுத்து எழுதிக் கொடுத்தவரும் அவர்தான். 1927இல் இவானமி தொடங்கிய மலிவுப் பதிப்பு வரிசை உலக இலக்கியத்தைச் சட்டைப் பையில் அடங்கும் அளவில் ஜப்பானியர் கையில் கொண்டுசேர்த்தது. அந்தச் சின்னப் புத்தகங்கள்தாம் இன்று வாசல் தட்டுகளில் குவிந்து கிடப்பவை. பழைய புத்தகக் கடையிலிருந்து பதிப்பகம் பிறந்தது. பதிப்பகத்தின் நூல்கள் மீண்டும் பழைய புத்தகக் கடைக்கே வந்து சேர்கின்றன. 1923ஆம் ஆண்டு நிலநடுக்கத்தில் தெரு அழிந்து எழுந்தது. 1945இன் குண்டுவீச்சில் பெரும்பகுதி தப்பியது. தப்பியதற்கு ஒரு கதை உலவுகிறது, கதையாக இருக்கட்டும்.

இங்குள்ள கடைகளை 'பழைய புத்தகக் கடை' என்று ஒரே பெயரால் அழைப்பது ஓரளவு அநியாயம். ஒவ்வொன்றும் ஒரு துறை. 1882இல் தொடங்கிய ஓயா ஷோபோவில் எதோ காலத்து மரச்செதுக்கு ஓவியங்களும் பழைய வரைபடங்களும். யாகுச்சியில் திரைப்படமும் நாடகமும். அதன் பக்கச் சுவரே வெளிப்புற அலமாரி. கித்தாஸாவாவில் ஆங்கில நூல்கள். உச்சியாமாவில் சீன நூல்கள். ஷாங்காயில் லூ சுன்னுக்கு உற்ற நண்பராயிருந்த உச்சியாமா கன்ஸோவின் குடும்பத்துக் கடை அது. சட்டத்துக்கு, மருத்துவத்துக்கு, மலையேற்றத்துக்கு என்று தனித்தனிக் கடைகள் உண்டு. கடைக்காரர் தம் துறையில் ஓர் ஆய்வாளருக்கு நிகரான நூலறிவு உடையவர். அவர் அச்சிட்டு அனுப்பும் விலைப்பட்டியலை ஆராய்ச்சி மாணவர்கள் நூலடைவாகவே பயன்படுத்துகிறார்கள். எந்த நூல் எந்தப் பதிப்பு, எந்தப் பக்கம் இல்லை, யாருடைய கையெழுத்து இருக்கிறது என்பதெல்லாம் அதில் இருக்கும்.

ஆகவே அங்கு எழுதி ஒட்டப்படும் விலை ஒருவகை விமர்சனம் என்பேன். இதற்கு நேர் எதிரான ஒன்றும் ஜப்பானிலேயே தோன்றியது. 1990இல் சாகமிஹாராவில் தொடங்கிய 'புக் ஆஃப்' என்னும் கடைத்தொடர், நூலின் உள்ளடக்கத்தைப் பார்க்காமல் அது எவ்வளவு புதிதாக, அழுக்கின்றி இருக்கிறது என்பதை மட்டும் பார்த்து விலை வைத்தது. பணியாளருக்குப் புத்தகம் தெரிந்திருக்க வேண்டிய தேவையே இல்லை; வெளிச்சமான கூடம், நூறு யென் வரிசை. இதனால் ஏழை மாணவர் பலருக்கு நன்மை விளைந்ததை மறுக்கமாட்டேன். ஜப்பானில் புதிய புத்தகத்தைக் குறித்த விலைக்குக் குறைத்து விற்க முடியாது. பதிப்பாளர் நிர்ணயிக்கும் விலையைக் காக்கும் ஏற்பாடு அங்கு நெடுங்காலமாக உண்டு. மலிவாக வாங்க வேண்டுமென்றால் பழையதைத்தான் வாங்க வேண்டும். என்றாலும் முந்நூறு படிகள் அச்சான ஒரு சிற்றிதழ்த் தொகுப்பு, அட்டை மடங்கியது என்ற ஒரே காரணத்தால் குப்பைக்குப் போகும் ஏற்பாட்டில் எனக்கு மரியாதை வரவில்லை. புத்தகத்தைப் பண்டமாகப் பார்ப்பது குற்றமன்று. சோப்பைப் போன்ற பண்டமாகப் பார்ப்பதுதான் குற்றம்.

இனி சாப்பாடு. ஜிம்போச்சோவின் மதிய உணவு சூஷி அன்று, கறி. வெள்ளைச் சோறு, மேலே கெட்டியான பழுப்புக் குழம்பு, ஓரத்தில் சிவந்த ஊறுகாய். ஒரு கையில் கரண்டி, மறு கையில் புத்தகம் என்று சாப்பிட வசதியான பதார்த்தம் என்பதால்தான் புத்தகத் தெருவில் கறிக்கடைகள் பெருகின என்று அங்கே சொல்வார்கள். நிரூபிக்க முடியாத, ஆனால் நம்ப விரும்பத்தக்க விளக்கம். 1924இல் தொடங்கிய கியோயெய்தோ சுமத்திராக் கறிக்குப் பேர்போனது. போந்தி என்ற கடை பழைய புத்தகக் கட்டடம் ஒன்றின் இரண்டாம் தளத்தில் இருக்கிறது. கறி வருமுன் அவித்த உருளைக்கிழங்கு இரண்டும் சிறிது வெண்ணெயும் கொண்டுவந்து வைப்பார்கள். படிக்கட்டில் வரிசையில் நிற்பவர்கள் கீழே சற்றுமுன் வாங்கிய நூலைப் புரட்டிக்கொண்டிருப்பார்கள். 2011 முதல் கண்டா பகுதிக் கறிக்கடைகளுக்குள் போட்டி வைத்துப் பரிசும் தருகிறார்கள்.

கறி என்பது நம் சொல். ஆங்கிலத்தின் 'கர்ரி' தமிழிலிருந்து போனது என்பதே அகராதிகள் பெரிதும் ஏற்கும் கருத்து. ஆங்கிலேயர் வழியாக மெய்ஜி காலத்தில் ஜப்பானுக்குள் நுழைந்து அங்கே 'கரே' ஆயிற்று. சங்கப் பாடல்களில் கறி என்றால் மிளகு. யவனர் கலம் ஏறிப் போன அதே பொருள். இப்பயணத்தை நன்கறிந்த ஜப்பானியர் ஒருவர் இருந்தார். சோழர் கல்வெட்டுகளை ஆராய்வதில் வாழ்நாளைச் செலவிட்ட நொபோரு கராஷிமா (1933–2015). நில உடைமை, ஊர், நாடு என்று நாம் இன்று சோழர் சமூகம் பற்றிப் பேசுவதில் அவருடைய பங்கு பெரிது. 2013இல் பத்மஸ்ரீ பெற்றவர். அதே கராஷிமா இந்தியக் கறியைப் பற்றி இளைஞர்களுக்காக ஒரு நூல் எழுதினார். 2009இல் இவானமி வெளியீடு. கல்வெட்டறிஞர் குழம்பைப் பற்றி எழுதினால் நம் கல்விப்புலத்தில் என்ன சொல்வார்கள் என்று எண்ணிப் பார்க்கிறேன். பதவி உயர்வுக்கான மதிப்பெண் கணக்கில் அந்நூலுக்குப் பூஜ்யம் போட்டிருப்பார்கள்.

டோக்கியோவின் கறிக்கு இன்னொரு கிளையும் உண்டு. 1915இல் ஆங்கில அரசிடமிருந்து தப்பி ஜப்பானுக்கு ஓடிய ராஷ் பிஹாரி போஸைத் தம் வளாகத்தில் ஒளித்து வைத்துக் காத்தவர்கள், ஷின்ஜுக்குவில் நாகமுராயா என்ற அடுமனையை நடத்திய சோமா தம்பதியர். அவர்கள் மகள் தோஷிகோவை 1918இல் போஸ் மணந்தார்; ஏழே ஆண்டுகளில் அவர் இறந்துபோனார். ரொட்டிக்கடையான நாகமுராயா 1927இல் உணவகம் திறந்தபோது, தம் நாட்டுக் கறி மாவு கரைத்த ஆங்கிலக் குழம்பன்று என்று காட்ட விரும்பிய போஸின் முயற்சியால் 'இந்தியக் கறி' அங்கு பரிமாறப்பட்டது. இன்றும் கிடைக்கிறது. இந்த போஸ்தான் 1943இல் சிங்கப்பூரில் இந்திய சுதந்திர லீக்கின் தலைமையைச் சுபாஷ் சந்திர போஸிடம் ஒப்படைத்தவர். மலேயாத் தோட்டங்களிலிருந்து தமிழர்கள் திரண்டு சேர்ந்த படையின் கதை அங்கிருந்து தொடர்கிறது.

நாகமுராயா அடுமனை 1904இல் உருவாக்கிய கிரீம் பன்னும் இன்றுவரை விற்கிறது. ஆனால் பன்களில் மூத்தது அன்பான். கிமுராயா கடையினர் 1874இல், மேற்கத்திய நொதிக்குப் பதிலாகச் சாக்கே மது வடிக்கப் பயன்படும் அரிசி நொதியைக் கொண்டு மாவைப் புளிக்கவைத்து, உள்ளே இனிப்புப் பயற்றம் விழுதை வைத்துச் சுட்டார்கள். 1875 ஏப்ரல் 4 அன்று மெய்ஜி பேரரசருக்கு அது படைக்கப்பட்டபோது நடுவில் குழித்து, உப்பிட்ட செர்ரிப் பூ ஒன்றைப் பதித்திருந்தார்கள். கின்ஸாவில் இன்றும் அப்படியே கிடைக்கிறது. அந்நியப் பண்டத்துக்குள் தன் ஊர்ப் பூரணத்தை வைத்து, அதைத் தன் பண்டமாகவே ஆக்கிக்கொண்ட செயல் அது. நம் நாவல் வடிவத்தைப் பற்றி நாம் நடத்தும் நூற்றாண்டு விவாதத்துக்கு இந்த பன் ஒரு பதிலாக எனக்குத் தோன்றியது. அதிகம் இழுக்கப் போவதில்லை.

ஜப்பானிய மொழியில் ரொட்டிக்குப் பெயர் 'பான்'. போர்த்துக்கீசியச் சொல். ஈழத்து நண்பர்கள் இதற்குள் புன்னகைத்திருப்பார்கள்: யாழ்ப்பாணத்தில் அது 'பாண்'. அதே வணிகர்கள், அதே பதினாறாம் நூற்றாண்டுக் கடல், இரு கரைகளில் ஒரே சொல். நாம் புத்தகம் அடுக்கும் அலமாரியும் அதைப் பூட்டும் சாவியும்கூட அவர்கள் விட்டுச்சென்ற சொற்கள்தாம்.

வாங்கிய பன்னைக் கடைத்தெருவிலேயே நடந்துகொண்டு தின்பது அங்கே அவ்வளவு நாகரிகமில்லை. பிசுக்குக் கையோடு பழைய நூலைத் தொடுவது எங்குமே நாகரிகமில்லை. அதற்குத்தான் காப்பிக் கடைகள். 1949இல் தொடங்கிய லாத்ரியோ, 1955இன் சாபோரு போன்றவை இருண்ட மரமும் செங்கல்லுமாக இருக்கும். ஒரு கோப்பைக் காப்பிக்கு நீண்ட நேரம் அமரலாம். வாங்கியதை மேசையில் பரப்பி, எதற்காக இதை வாங்கினோம் என்று யோசிக்கும் இடம்.

நான் அங்கு கழித்த ஒரு சனிக்கிழமையில் என் மேசையில் இருந்தது, நூறு யென் தட்டிலிருந்து எடுத்த ஓனோ சுசுமுவின் 'ஜப்பானிய மொழியின் தோற்றம்', 1994ஆம் ஆண்டுப் புதுப் பதிப்பு. எனக்கு ஜப்பானிய மொழி படிக்கத் தெரியாது. உடன் வந்தவர் அட்டையைப் படித்துச் சொன்னார். தமிழுக்கும் ஜப்பானியத்துக்கும் உறவு உண்டென்ற ஓனோவின் கொள்கை நம் மேடைகளில் எவ்வளவு முழங்கப்பட்டது என்பதை வாசகர்கள் அறிவர். யாழ்ப்பாணப் பேராசிரியர் அ. சண்முகதாஸும் மனோன்மணி சண்முகதாஸும் அவரோடு சேர்ந்து உழைத்தார்கள். நம் பொங்கலையும் ஜப்பானின் சிறு புத்தாண்டுச் சடங்கையும் ஓனோ ஒப்பிட்டார். ஜப்பானிய மொழியியலாளர் பெரும்பாலோர் கொள்கையை ஏற்கவில்லை. அவர் 2008இல் மறைந்தார். அங்குள்ள பொது வாசகர்கள் அவரைத் தமிழால் நினைவுகூர்வதைவிட, 1999இல் வந்து பத்து லட்சத்துக்கு மேல் விற்ற 'ஜப்பானிய மொழிப் பயிற்சி ஏடு' என்ற நூலால்தான் நினைவுகூர்கிறார்கள். நூறு யென் என்ற விலை அவருக்கு இழிவில்லை. பல்லாயிரம் படிகள் அச்சாகிப் பலர் படித்ததால் வந்த விலை அது. நம் மேடைகளில் அவரை மேற்கோள் காட்டுவோரில் எத்தனை பேர் அவருடைய நூலையும் அதற்கு எழுந்த மறுப்புகளையும் ஒருசேரப் பார்த்திருக்கிறார்கள் என்று எண்ணினேன். பெருமை பேச நூல் தேவையில்லை போலும்.

இத்தெருவின் உண்மையான இயந்திரம் வழிப்போக்கர் கண்ணில் படாத ஒன்று. ஓர் அறிஞர் இறந்தால் அவர் வீட்டுக்குப் பழைய புத்தக வணிகர் வருகிறார். அலமாரிகளைப் பார்த்துச் சேகரிப்பை வாங்குகிறார். தம் துறைக்கு ஒவ்வாதவற்றை ஓகாவாமச்சியில் உள்ள பழைய நூல் மன்றத்துக்குக் கொண்டு போகிறார். அங்கே வணிகர்களுக்குள் மட்டும் நடக்கும் ஏலம். கூச்சலில்லை. ஒவ்வொரு கட்டோடும் ஓர் உறை. விலையைச் சீட்டில் எழுதி உறைக்குள் போட வேண்டும். ஒரே சீட்டில் ஏறுமுகமாக இரண்டு மூன்று விலைகள் எழுதலாம். மற்றவர் விலையை வெல்ல எது போதுமோ அதற்கே நூல் கிடைக்கும். சட்டம் சட்டக்கடைக்கும், கவிதை கவிதைக்கடைக்கும் போய்ச் சேர்கின்றன. ஒருவர் சேர்த்தது கலைந்தாலும், ஒவ்வொரு நூலும் தன்னை அறிந்தவர் கைக்குப் போகிறது. பழைய பொருள் வாங்கி விற்க அங்கே உரிமம் வேண்டும் என்பதையும் சொல்ல வேண்டும். 1949ஆம் ஆண்டுச் சட்டம்.

எனக்குப் பாடம் சொன்ன ஆசிரியர் ஒருவர் மறைந்தபோது, அவருடைய நூல்களைப் பழைய பேப்பர்க்காரர் தராசில் நிறுத்து எடுத்துப் போனார். ஐம்பதாண்டுச் சேகரிப்பு, பக்க ஓரங்களில் அவர் கையால் எழுதிய பாடவேறுபாடுகள். வீட்டாரை நான் குறை கூறமாட்டேன். வாடகை வீடு, கரையான், இடம் காலி செய்ய வேண்டிய தேதி. அவர்கள் யாரை அழைத்திருக்க முடியும்? கல்லூரி நூலகம் அன்பளிப்பு ஏற்கவே ஆயிரம் விதி வைத்திருந்தது. ஒரு நூலின் எடையைத் தவிர வேறெதையும் அறிந்த வணிகர் அந்த ஊரில் இல்லை. ஆய்வுக்கு நிதியில்லை, அரசு ஆதரவில்லை என்று நாம் எழுதிக்கொண்டே இருக்கிறோம். நமக்கு இல்லாதவற்றுள், அந்த நூல்களைப் பார்த்து 'இது இன்ன பதிப்பு, ஐயா' என்று சொல்லித் தன் கைப்பணம் கொடுத்து வாங்கக்கூடிய வியாபாரியும் ஒருவர். அவர் வாழ வேண்டுமானால் அவரிடம் நல்ல விலை கொடுத்து வாங்குவோர் வேண்டும். பழைய புத்தகம் என்றால் பாதி விலைக்கும் கீழே கேட்பதே நம் வழக்கம். இதில் பேராசிரியர்கள் முன்னணியில் நிற்பதைக் கண்ணாரக் கண்டிருக்கிறேன்.

ஜிம்போச்சோவைப் பொற்காலமாக்கிக் காட்ட நான் விரும்பவில்லை. கடைக்காரர்களுக்கு வயதாகிறது. விற்பனையின் பெரும்பங்கு இணையத்துக்குப் போய்க்கொண்டிருக்கிறது. வணிகர் கூட்டமைப்பே இணையத்தில் பொதுக்கடை நடத்துகிறது. யாகிசாவா சதோஷி 2010இல் வெளியிட்ட மொரிசாகி புத்தகக்கடை பற்றிய நாவல் 2023இல் ஆங்கிலத்துக்கு வந்தபின், அதைக் கையில் வைத்துக்கொண்டு கடை வாசலில் படம் பிடிப்போர் கூட்டம் வேறு. அந்த நாவல் இனியது, மெலியது. காதலில் தோற்ற பெண்ணுக்குப் பழைய புத்தகம் மருந்தாகிறது. பழைய புத்தகம் அப்படியொரு மருந்தாக இருப்பதை நான் கண்டதில்லை. பெரும்பாலும் தும்மல்தான் வரும். 2025இல் டைம் அவுட் இதழ் உலகின் மிகச் சுவாரசியமான நகர்ப்பகுதி என்று ஜிம்போச்சோவை முதலிடத்தில் வைத்தது. வாடகை ஏறாமலிருக்க வேண்டும் என்பதே செய்தியைப் படித்ததும் எனக்கு எழுந்த கவலை.

போக நினைப்போர் ஞாயிற்றுக்கிழமையைத் தவிர்ப்பது நல்லது. கடைகள் பலவும் அடைத்திருக்கும். பெரும்பாலான வாரங்களில் வெள்ளியும் சனியும் பழைய நூல் மன்றத்தின் நிலத்தடிக் கூடத்தில் பொதுமக்களுக்கான விற்பனை நடக்கும். பையை வாசலில் ஒப்படைத்துவிட்டு எவரும் உள்ளே போகலாம். அக்டோபர் கடைசியிலோ நவம்பர் தொடக்கத்திலோ சென்றால், 1960 முதல் நடக்கும் பழைய நூல் திருவிழாவில் யசுகுனி சாலையின் நடைபாதை முழுவதும் அலமாரிகளைக் காணலாம். மழை வந்தால் மட்டும் அவற்றின் மேல் நெகிழித்தாளை இழுத்து மூடிவிட்டுக் கடைக்காரர்கள் உள்ளே போய்விடுவார்கள். அப்போது கறிக்கடையில் இடம் கிடைப்பதும் கடினம்.